டிரம்பெட்டுக்குக் குளியல், கிளாரினெட்டுக்குத் துணி

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் பள்ளி பேண்டு குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். 12 வயது மகனுக்கு டிரம்பெட், 15 வயது மகளுக்கு மரக் கிளாரினெட், இரண்டும் புத்தம் புதிதாக வாங்கினோம். விற்றவர், "புதுசுதானே, பெட்டியைத் திறந்து அப்படியே ஊதலாம்" என்றார். தெரிந்தவர் ஒருவர், "சோப்புத் தண்ணீரில் முக்கிக் கழுவாமல் ஊதவே கூடாது" என்கிறார். மகளின் ஆசிரியரோ, "ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது" என்கிறார். இதற்குள் மகன் ஆர்வக்கோளாறில் மூன்று வால்வுகளையும் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டான். இப்போது ஊதினால் காற்றே போகவில்லை. அதற்கு முன்பே நடு வால்வு மட்டும் அமுக்கினால் மெதுவாகத்தான் மேலே வந்தது. கழற்றியபோது அவன் விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. கிளாரினெட்டின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய மறுக்கின்றன. அதன் மவுத்பீஸில் ஒரு வாடை வேறு. திருப்பிக் கொடுக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பழுதான பொருளை வாங்கிவிட்டோமா? யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தக் காற்று விஷயத்தை முடித்துவிடுவோம், தம்பி பயந்துபோயிருப்பான். எதுவும் உடையவில்லை. வால்வுக்குள் மேலும் கீழும் ஓடும் மூன்று பிஸ்டன்களும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அவற்றின் துளைகள் வெவ்வேறு இடத்தில் இருக்கும். இடம் மாறிப்போனாலும், சரியான இடத்திலேயே திசை திரும்பிப்போனாலும் பிஸ்டனின் துளையும் குழாயின் வாயும் நேருக்கு நேர் வராது, காற்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். மவுத்பீஸுக்கு மிக அருகில் இருப்பது 1. பெரும்பாலான டிரம்பெட்டுகளில் அந்த எண் மவுத்பீஸ் பக்கம் பார்க்கும்படி பிஸ்டனை இறக்கி, 'டிக்' என்று உட்காரும்வரை மெல்லத் திருப்ப வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் மேல் மூடியை முறுக்க வேண்டும். மூன்றும் சரியாக அமர்ந்துவிட்டால், எதையும் அமுக்காமல் ஊதும்போது காற்று தாராளமாகப் போகும். இனி எண்ணெய் போடுவதற்காகக் கழற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், குழப்பமே வராது.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் சொன்னது சரி. கழுவச் சொன்னவர் டிரம்பெட்டை நினைத்துச் சொல்லியிருக்கிறார், ஆசிரியர் கிளாரினெட்டை நினைத்துச் சொல்லியிருக்கிறார். டிரம்பெட் என்பது பித்தளைக் குழாய். பிஸ்டன்களையும் அவற்றின் கம்பளித் துண்டுகளையும் எடுத்துவிட்டால் நனையக்கூடாத பொருள் அதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. கிளாரினெட் அப்படியல்ல. உடல் மரம், துளைகளை மூடும் கீகளுக்கு அடியில் இருக்கும் பேடுகள் மெல்லிய தோல் போர்த்திய கம்பளி, ஸ்பிரிங்குகளும் திருகுகளும் எஃகு. தண்ணீரில் முக்கினால் மரம் வீங்கும், பேடு உப்பும், எஃகு துருப்பிடிக்கும். "அப்படியே ஊதலாம்" என்றவர் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு கருவிக்குமே அது பொருந்தாது.

ஆனால் இன்றே தொட்டியில் தண்ணீர் பிடித்துவிடாதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகுதான் சுத்தம். திருப்பிக் கொடுக்க நாள் குறைவாக இருக்கும்போது, கழுவிய பிறகு ஒரு நெளிவைக் கண்டுபிடித்தால் அது கழுவும்போது விழுந்ததா, பெட்டியிலேயே இருந்ததா என்ற வாக்குவாதம் வரும். நல்ல வெளிச்சத்தில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் எண் பொறித்த இடத்தையும் சேர்த்து எடுங்கள்.

டிரம்பெட்டின் பெல்லை, அதாவது அதன் விரிந்த வாயை, நேர் எதிரே வைத்துப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே இருக்கிறதா? பிறகு பக்கவாட்டில் மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். விளக்கொளி குழாயின் மேல் ஓடும்போது ஓரிடத்தில் வளைந்தால் அங்கே நெளிவு இருக்கிறது. குழாய்களை இணைக்கும் குறுக்குத் தாங்கிகளை விரலால் லேசாக அழுத்துங்கள். 'கிளிக்' என்று அசைந்தால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. ஸ்லைடுகள், அதாவது இழுத்து எடுக்கக்கூடிய வளைகுழாய்கள், எல்லாமே கையாலேயே, மிதமான பலத்தில் வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் இடுக்கியைத் தேடாதீர்கள். புதுக் கருவியில் ஒரு ஸ்லைடு இறுகியிருந்தால் அது விற்றவர் பார்க்க வேண்டிய வேலை.

அடுத்தது காற்றுக் கசிவு. வால்வுகளில் எண்ணெய் இருக்கும்போது, முதல் வால்வை அமுக்காமல் அதன் ஸ்லைடை ஒரு விரற்கடை அளவு வெளியே இழுத்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, பிறகு வால்வை அமுக்குங்கள். 'பட்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். உள்ளே உண்டான வெற்றிடம் அதுவரை தாங்கியிருக்கிறது என்று பொருள். மூன்றாவது வால்வுக்கும் அதே சோதனை. சத்தமே வராவிட்டால் காற்று எங்கோ ஒழுகுகிறது. இது சோதனைக்கு மட்டும். மற்ற நேரத்தில் ஸ்லைடை இழுக்கும்போது அதற்குரிய வால்வை அமுக்கிக்கொண்டேதான் இழுக்க வேண்டும். எச்சில் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் கார்க்கையும் பாருங்கள். அது முழுவதுமாக மூடாவிட்டால் எல்லா ஸ்வரமும் மூச்சிரைப்பது போலக் கேட்கும், பிள்ளை தன் உதட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பான்.

இப்போது அந்த நடு வால்வு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே இருக்கும் இடைவெளி மனித முடியின் தடிமனைவிடக் குறைவு. அந்தச் சந்தில் தொழிற்சாலைப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலே வால்வு மந்தமாகிவிடும், கழுவி எண்ணெயிட்டால் சரியாகிவிடும். புதுக் கருவிகளில் இதுதான் அதிகம். ஆனால் மந்தமாக இருப்பது இரண்டாவது வால்வு மட்டும் என்றால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அதன் சிறிய ஸ்லைடு கருவியின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டி கீழே விழுந்தாலோ ஓரத்தில் இடிபட்டாலோ முதல் அடி அதற்குத்தான். அந்த அடி உறையை இம்மியளவு நசுக்கினாலும் பிஸ்டன் உரசும். எனவே அந்த ஸ்லைடு கோணியிருக்கிறதா, சுற்றிலும் அரக்குப் பூச்சில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் வெளிப்புறத்தையும் பாருங்கள். அடையாளம் தெரிந்தால் கழுவாமல் திருப்பி அனுப்புங்கள். தெரியாவிட்டால் கழுவுங்கள். நன்றாகக் கழுவி எண்ணெயிட்ட பிறகும் ஒரே இடத்தில் பிஸ்டன் தயங்கினால் அழுக்கு காரணமல்ல, உறைதான் காரணம். உப்புத்தாள், பாலிஷ் பசை எதுவும் பிஸ்டன் பக்கம் போகக்கூடாது. தேய்த்து எடுத்த உலோகம் திரும்ப வராது, காற்று ஒழுகத்தான் வழி கிடைக்கும்.

விரலில் ஒட்டிய கறுப்பு எதுவென்று கேட்டிருந்தீர்கள். பிஸ்டனை உறைக்குள் பொருத்தமாக இழைக்க நுண்ணிய அரைப்பசை பயன்படுத்துவார்கள். வெளியே பளபளப்பாக்க பாலிஷ் பசை, பற்றவைக்க ஃப்ளக்ஸ், உலோகத்தைக் கடைய எண்ணெய். தொழிற்சாலையில் இவற்றைக் கழுவித்தான் அனுப்புகிறார்கள் என்றாலும் வளைவுகளிலும் மூடிகளின் மரைகளிலும் கொஞ்சம் தங்கிவிடும். அதோடு பித்தளைத் துகள் சேர்ந்த எண்ணெய்தான் அந்தக் கறுப்பு. அரைப்பசை மிச்சமிருக்க வாசித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு அமுக்கலிலும் பிஸ்டன் தேயும். கழுவு என்பது சுகாதாரத்துக்காக மட்டும் சொல்வதல்ல.

கழுவும் முறை இது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் தடிமனான துண்டை விரியுங்கள், கருவியில் நெளிவு விழாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சூடான தண்ணீர் பட்டால் அரக்குப் பூச்சு உரிந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில சொட்டு. பிஸ்டன்களை எண் வரிசையில் ஒரு துணிமேல் படுக்கவைத்து, கீழ் மூடிகள், மூன்று வால்வு ஸ்லைடுகள், சுருதி சேர்க்கும் பெரிய ட்யூனிங் ஸ்லைடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். உடலையும் ஸ்லைடுகளையும் கால் மணி நேரம் ஊறவிட்டு, வளையக்கூடிய நீண்ட பிரஷ்ஷைக் குழாய்களுக்குள் விட்டு இழுங்கள். மவுத்பீஸ் பொருந்தும் நேர்க்குழாயைக் கூடுதலாகத் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். வால்வு உறைகளுக்குள் அதற்கென்று உள்ள மென்மையான பிரஷ்ஷோ, நூல் உதிராத துணியோ போதும். கீழ் மூடிகளின் மரைகளில் பழைய பல்துலக்கும் பிரஷ் நன்றாக வேலை செய்யும்.

பிஸ்டன்களைத் தொட்டியில் போடாதீர்கள். ஒவ்வொன்றாக மேல் தண்டைப் பிடித்துக்கொண்டு, கம்பளியும் கார்க்கும் நனையாமல், கீழ்ப்பகுதியை மட்டும் ஓடும் தண்ணீரில் காட்டி, துளைகளுக்குள் பிரஷ்ஷைவிட்டு எடுங்கள். ஈரக் கையிலிருந்து வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பிஸ்டன் பிறகு உறைக்குள் ஒழுங்காக ஓடுவது அபூர்வம். எல்லாவற்றையும் நுரை போகும்வரை அலசி, உதறி, துண்டின்மேல் காயவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ட்யூனிங் ஸ்லைடுக்கும் இரண்டாவது வால்வின் ஸ்லைடுக்கும் கெட்டியான ஸ்லைடு கிரீஸ். வாசிக்கும்போதே நகர்த்த வேண்டிய முதல், மூன்றாம் ஸ்லைடுகளுக்கு இளகலானது. வழியும் கிரீஸைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பிஸ்டனில் போய் ஒட்டும். பிஸ்டனின் மேல் வால்வு ஆயில் ஐந்தாறு சொட்டு. சமையல் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ ஆபத்துக்கு உதவும் என்று நினைக்காதீர்கள், இரண்டும் இந்தச் சந்துக்குக் கெட்டி, சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசின்போலவும் ஆகிவிடும். முதல் சில வாரம் தினமும் எண்ணெய் போடட்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை முழுக் குளியல். முதல் முறை வராத பிசுக்கு அப்போது வரும். இதெல்லாம் பிஸ்டன் வைத்த கருவிக்கு. பிரெஞ்சு ஹார்ன் மாதிரி சுழலும் வால்வு வைத்ததை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

மவுத்பீஸைச் செருகும்போது உள்ளங்கையால் 'டப்' என்று தட்டும் ஆசை எல்லாப் பையன்களுக்கும் வரும். தட்டினால் சிக்கிக்கொள்ளும். செருகி, லேசாக ஒரு திருப்பு, அவ்வளவுதான்.

இனி மகளின் கிளாரினெட். மவுத்பீஸ் வாடைக்குப் பயப்பட வேண்டாம். அது எபொனைட் எனப்படும் கடின ரப்பராக இருக்கும். ரப்பரைக் கெட்டியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள், அந்த வாசனைதான் அது. கிளாரினெட்டில் தண்ணீரில் கழுவக்கூடிய ஒரே பகுதி இந்த மவுத்பீஸ். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும். கிருமி போகட்டும் என்று வெந்நீரில் போட்டால் கறுப்பு நிறம் பச்சையாக வெளிறும், வாடையும் கூடும், வடிவமும் கெடலாம். கடையில் யாராவது ஊதிப் பார்த்திருப்பார்களோ என்று தோன்றினால் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். கழுவும்போதே ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய தட்டை) உட்காரும் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். துளி சில்லு போயிருந்தாலும் ரீட் ஒழுங்காக அதிராது; மாற்றித்தரக் கேளுங்கள்.

துண்டுகள் நுழையாததற்குப் பெரும்பாலும் காய்ந்த புதுக் கார்க்தான் காரணம். கார்க் கிரீஸை விரலில் எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, சில நிமிடம் விட்டு, பக்கவாட்டில் ஆட்டாமல் திருகித் திருகிச் செருகுங்கள். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் சேர்க்கும்போது, மேல் துண்டின் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களை அமுக்கிப் பிடித்தால், இரண்டு துண்டுக்கும் பாலமாக இருக்கும் கீ உயர்ந்து வழிவிடும். அதைச் செய்யாமல் செருகினால் அந்தக் கீ வளையும், புதுக் கிளாரினெட்டில் முதல் வாரத்தில் நடக்கும் விபத்து பெரும்பாலும் இதுதான். கிரீஸ் போட்டும் நுழையவில்லையென்றால் கார்க் தடித்திருக்கிறது. அதை இழைத்துக் கொடுப்பது பழுதுபார்ப்பவருக்குச் சில நிமிட வேலை, வீட்டில் கத்தியை எடுக்காதீர்கள்.

கசிவைப் பார்க்க மேல் துண்டை மட்டும் எடுத்து, மூன்று விரல் துளைகளையும் பின்புறக் கட்டைவிரல் துளையையும் மூடி, கீழ் வாயை மறு உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். உறிஞ்சிய வெற்றிடம் சில விநாடியாவது நாக்கைப் பிடித்து நிற்க வேண்டும். உடனே 'புஸ்' என்று போனால் ஏதோ ஒரு பேடு சரியாக மூடவில்லை. எது என்று பார்க்க, சிகரெட் சுற்றும் தாள் போன்ற மெல்லிய தாளில் ஒரு நறுக்கைப் பேடுக்கு அடியில் வைத்து, கீயை மூடி, மெல்ல இழுத்துப் பார்க்கலாம். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். திருகுகள் பயணத்தில் தளர்ந்திருக்கலாம். வெளியே தலை நீட்டியிருப்பதைப் பொருத்தமான சிறிய திருப்புளியால், கீ இறுகாமல், அளவோடு முடுக்கலாம். ஒரு கீ தொங்கிக்கொண்டிருந்தால் ஊசி ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவியிருக்கும். அனுப்பும்போது கீகள் ஆடாமலிருக்கச் சொருகிய கார்க் துண்டுகளோ இடுக்கிகளோ இருந்தால் எடுத்துவிடுங்கள். சாக்ஸபோனில் இது வழக்கம், அதை எடுக்காமல் "சத்தமே வரவில்லை" என்று கொண்டுவருபவர்கள் உண்டு.

விரிசல்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டியது. மேல் துண்டில், துளைகளை ஒட்டி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மரத்தின் இயல்பான ரேகை நகத்துக்குத் தட்டாது, விரிசல் தட்டும். மவுத்பீஸுக்கு அடுத்த குட்டைத் துண்டான பேரல், அடியில் விரிந்த பெல் இவற்றின் உலோக வளையங்கள் கையால் திருப்பினால் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சுற்றினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட கருவியை நான் வாங்கமாட்டேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் கிடந்தால் வெளியே எறியுங்கள். டிரம்பெட்டுக்கு அது கெடுதலில்லை, மரத்துக்கு வேண்டாம்.

புது மரம் பிளப்பது ஏன் என்று தெரிந்தால் மகள் தானாகவே கவனமாக இருப்பாள். ஊதும்போது சூடும் ஈரமும் உள்துளை வழியாகத்தான் போகும். உட்பக்கம் விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்து காய்ந்து நிற்க, இழுபறியில் மரம் பிளக்கும். அதனால் முதல் வாரம் ஒரு நேரத்துக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். அடுத்தடுத்த வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். குளிர்ந்து கிடந்தால் மேல் துண்டைக் கையில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு ஊதட்டும். சூடான காற்றை உள்ளே ஊதி வெப்பமேற்றுவது தவறு. வாசித்து முடித்ததும் துணியை இழுத்து உள்ளே துடைக்க வேண்டும். துண்டுகள் சேரும் வாய்களில் தங்கும் ஈரத்தையும் ஒற்றி எடுக்க வேண்டும். துணியை விடுமுன் முடிச்சில்லாமல் விரித்துப் பார்க்கட்டும். நடுவில் சிக்கிக்கொண்டால் வந்த வழியே இழுக்க வேண்டும், குச்சியால் குத்தக்கூடாது. உள்துளைக்கு எண்ணெய் விடலாமா என்பதில் கைவினைஞர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. புதுக் கருவிக்கு வீட்டில் வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டு கருவிக்கும் பொதுவாக ஒன்று: சுருதி பார்க்கும் செயலியை முதல் நிமிடத்திலேயே திறந்துவிட்டு "தாழ்ந்திருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். 20 டிகிரியில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு டிகிரி கூடினால் சுமார் 0.6 மீட்டர் கூடும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். அதனால் குளிர்ந்த கருவி தாழ்ந்துதான் பேசும், மூச்சில் சூடேறியதும் உயரும். பத்து நிமிடம் வாசித்த பிறகு பார்த்தால் போதும். டிரம்பெட்டின் ட்யூனிங் ஸ்லைடு ஒரு சென்டிமீட்டர் அளவு வெளியே இருப்பது இயல்பு.

முதல் நாள் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் மறந்துவிடுவதும் நடக்கும். 2016-ல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் பிரிட்டன் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். தினமும் பேக்பைப் என்ற, காற்றுப்பை வைத்த ஊதுகருவியை வாசித்தவர், நுரையீரல் அழற்சியால் 2014-ல் இறந்தார். கருவியை வீட்டில் விட்டுவிட்டு மூன்று மாதம் ஆஸ்திரேலியா போயிருந்தபோது அவருக்கு மூச்சு நன்றாக இருந்தது. பிறகு சோதித்தபோது அவருடைய கருவிக்குள் பலவகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. இது மிக அபூர்வம், உங்கள் பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஈரத்தோடு பெட்டியை மூடக்கூடாது, மவுத்பீஸை வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பழுதான பொருளை வாங்கிவிட்டீர்களா என்ற கேள்விக்கு: நீங்கள் எழுதியவற்றில் கறுப்பு, வாடை, இறுக்கம், காற்று போகாதது இந்த நான்கும் குறையல்ல. நடு வால்வு மட்டும்தான் சந்தேகத்துக்குரியது. அதைக் காலக்கெடுவுக்குள் முடிவுசெய்யுங்கள். இன்றே அடி அடையாளம் பாருங்கள், இல்லையென்றால் நாளை கழுவி எண்ணெயிடுங்கள், பிறகும் தயங்கினால் அதைக் கைபேசியில் காணொளியாக எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். கிளாரினெட்டில் விரிசல், சுற்றும் வளையம், சில்லுபோன மவுத்பீஸ் இவை இருந்தால் மாற்றித்தரக் கேளுங்கள். பேடு கசிவு மட்டும் என்றால் அவர்கள் செலவிலேயே சரிசெய்து தரச் சொல்லலாம். மகளின் குழுப் பயிற்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் போகுமானால், முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் பள்ளியின் பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்றை இரவல் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். தண்ணீர் படக்கூடாது என்றவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.